அக்கா இல்லாமல் ஐப்பசியில் ஏற்காடு ஏறுவது குறித்து

அஸ்தம்பட்டி சைக்கிள் (கேள்வி)

கடந்த பங்குனியில் என் அக்கா காலமானார். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். சேர்வராயன் மலைச்சரிவில் நிறுத்தி, பட்டையைத் தொட்டுப் பார்த்தே இது உசிலை, இது வேங்கை என்று இனம் காணக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஐப்பசியின் முதல் அடைமழை ஓய்ந்ததும் கோரிமேடு வழியாக அடிவாரம் சென்று, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி, ஏரிக்கரையில் காப்பி குடித்துவிட்டு இறங்குவது எங்கள் இருவருக்கும் ஆண்டுதோறும் தவறாத வழக்கம்.

கோடை விழாவுக்கு ஊரே மேலே போகும் நாட்களில் அக்கா மலைப் பக்கம் போகமாட்டார். அவருக்குப் பிடித்தது மழைக்காலத்துக் காடுதான். அடிவாரத்து மரங்கள் மாசியிலும் பங்குனியிலும் உதிர்த்த இலைகளைக் காளானும் கறையானும் தின்று மண்ணாக்கும் வேலை மழை வந்த பிறகுதான் மும்முரமாக நடக்கும் என்பார். சாலையோரம் குந்தி அமர்ந்து, நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். அவர் போனது சரிவு முழுவதும் இலை உதிர்ந்து கிடந்த நாட்களில் என்பதால், இந்த மழையில் அதே காட்டைப் பார்க்கும் துணிவு எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்து வேண்டும். தனியாகப் போவதென்றால் அடிவாரச் சாலை நல்லதா, குப்பனூர்ச் சாலை நல்லதா? அக்காவின் நினைவாகச் சரிவுக் காட்டில் ஒரு மரக்கன்று நடலாமா?

மலைப்பாதை

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குப்பனூர்ச் சாலையில் வண்டி குறைவு என்பதால் மனத்துக்கு அமைதியாக இருக்கும் என்றாலும், ஏதேனும் நேர்ந்தால் உதவிக்கு ஆள் வருவதற்கும் அங்கே நேரமாகும். தனியாகப் போகிறவருக்கு, அதிலும் மனம் கனத்திருக்கும் வேளையில், அடிவாரச் சாலையையே பரிந்துரைப்பேன். சனி, ஞாயிறு வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனதை நினைவில் வைத்து, கனமழை பெய்த மறுநாளே ஏறாமல் ஓரிரு நாள் பொறுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. ரிம் பிரேக் உள்ள சைக்கிளானால் நனைந்த விளிம்பில் பிடிமானம் பாதியாகிவிடும்; வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தாமல், நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உங்கள் அக்கா ரசித்த அதே அழுகிய இலைகள் வளைவுகளின் உள்பக்கத்தில் படிந்து, டயரை வழுக்கிவிடும். இருட்டினால் காட்டெருமைகள் சாலைக்கு வரும். மதியத்துக்கு மேல் மேலே தங்காதீர்கள்.

நாகலூர்த் தோட்டம்

நண்பரே, கன்று நடும் எண்ணம் உயர்ந்தது. ஆனால் அடிவாரச் சரிவின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் வரும் அந்த நிலத்தில் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் நடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், அந்தக் காட்டுக்கு நம் கன்று தேவையும் இல்லை. அங்கு விழும் விதைகளே போதும். தீயும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் அவையே எழுந்துவிடும்.

மரம் தேவைப்படுவது மேலேதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, மலைமேல் பழைய காடு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று நாம் காடு என்று எண்ணிக் கடந்துபோவதில் பெரும்பகுதி காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் வரிசைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரம் வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏறத் தோதாக நேராக நிற்கும், விற்றால் காசாகும். தோட்டக்காரனாகிய நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு நாவலிலோ அத்தியிலோ பழுத்த காலத்தில் வந்து குவியும் பறவைக் கூட்டத்தை அதில் பார்க்க முடியாது. மலைக் கிராமத்தார் வெட்டாமல் காத்துவரும் கோயில் காடுகளில்தான் பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. பட்டையைத் தொட்டு மரத்தை அறிந்த ஒருவரின் நினைவுக்கு, நிலத்துக்காரரின் சம்மதத்தோடு தோட்ட ஓரத்தில் ஒரு நாட்டு மரம் வைப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

ஐந்துரோடு வாசகி

தம்பி, என் கணவர் மறைந்த பிறகு நாங்கள் இருவரும் நடந்து பழகிய அதே மலைப்பாதையில் தனியாக நடந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஏரிக்கரையில்தான் உடைந்துபோவேன் என்று பயந்துகொண்டே சென்றேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. அவர் வழக்கமாக மூச்சு வாங்க நிற்கும் ஒரு வளைவின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபோதுதான் கால் நகர மறுத்தது. எந்த இடம் நம்மைப் பிடித்து நிறுத்தும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியாது. ஆகவே உச்சிவரை ஏறியே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். எந்த வளைவில் திரும்பினாலும் அக்கா குறை சொல்லமாட்டார்.

தனியாகப் போங்கள், கூட்டத்தோடு வேண்டாம். உடன் வருபவர் பேசிக்கொண்டே வந்தால் அழவும் முடியாது, நினைக்கவும் முடியாது. ஆனால் வீட்டு ஆள் ஒருவர் அடிவாரத்தில் வண்டியோடு காத்திருக்கட்டும்.

அஸ்தம்பட்டி சைக்கிள்

மூவருக்கும் நன்றி. மழை வெறித்ததும் வார நாளொன்றில் அடிவாரம் வழியாகவே ஏறுகிறேன். அத்தான் கீழே காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். சரிவில் கன்று நடும் எண்ணத்தைக் கைவிட்டேன். மேலே நாவல் வைக்க விரும்புகிறேன். விதையாக ஊன்றலாமா, கன்றாக வைக்க வேண்டுமா?

நாகலூர்த் தோட்டம்

கன்றுதான். நாவல் பழுப்பது ஆனி, ஆடியில். அதன் கொட்டை ஓரிரு வாரங்களுக்கு மேல் முளைப்புத்திறனோடு இருக்காது என்பதால் இப்போது விதை தேடிப் பயனில்லை. ஓர் ஆண்டு வளர்ந்த கன்றாக வாங்கி, மழை ஓயும் முன் வைத்துவிட்டால் கார்த்திகை ஈரத்திலேயே வேர் பிடித்துவிடும். என் தோட்டத்தின் கீழ்வேலியோரம் இடம் இருக்கிறது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். கன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏற வேண்டாம், தண்டு ஒடிந்துவிடும். முந்தின நாளே பேருந்தில் அனுப்பிவிடுங்கள்.