மறு: ‘ஜெர்க்’குக்குத் தமிழ்ச் சொல் (ரோலர் கோஸ்டர் கட்டுரைக்காகக் கேட்டது)

அனைவருக்கும் வணக்கம்.

> ‘திடுக்கம்’னு வச்சா என்ன? திடுக்கிடுறோம்ல, அதான் ஜெர்க்.

> மரத்தைப் பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்கறதால ‘உலுக்கம்’ என்பது என் கருத்து.

பினாங்கு ஐயாவும் கிள்ளான் அக்காவும் எழுதுனத ரெண்டு நாளா மனசுல போட்டு உருட்டிக்கிட்டே இருந்தேன். ரெண்டுமே நல்ல சொல்லுதான், ஆனா எனக்கு முழுசா ஒட்டல. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தச் சொல்லு எதுக்கு வேணும்னு கொஞ்சம் விளக்கிடுறேன், மொதல் மடல்ல அவசரத்துல ஒரே வரியா கேட்டுட்டேன். ஜெர்க்னா, வண்டி சட்டுனு நம்மள வெட்டி இழுக்குறதுக்கு இயற்பியல்ல இருக்குற பேரு.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்கு ‘ரோலர் கோஸ்டர் இன்னும் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் போகும்’னு ஒரு கட்டுரை எழுதுறேன். உயரம்தான் எல்லையா இருக்கும்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல நியூ ஜெர்சியில இருந்த கிங்டா காங்கற கோஸ்டர் 139 மீட்டர், நம்ம பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், மூணு முருகனை ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வச்சாலும் அந்த உச்சிய தொடாது. 2005-ல தொறந்தாங்க, 2024-ல நிறுத்தி அடுத்த வருஷம் பிப்ரவரியில வெடி வச்சு சாச்சுட்டாங்க. ஆனா இரும்புக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்ல, கோலாலம்பூர் மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர்ல நம்ம கண்ணு முன்னாடியே நிக்குது. பணமும் நெலமும் இருந்தா கட்டிடலாம். வெறுமனே உயரத்துலேருந்து விழுந்து வேகம் எடுக்கணும்னா மட்டும் கணக்கு கஷ்டம், வேகத்த ரெண்டு மடங்காக்க உயரத்த நாலு மடங்காக்கணும்: 100 மீட்டர் விழுந்தா காத்துத் தடையே இல்லேன்னாலும் மணிக்கு 159 கிலோமீட்டர்தான், 319 வேணும்னா 400 மீட்டர் விழணும், அது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்து உயரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. அதனாலதான் இப்ப மோட்டார் வச்சுத் தள்ளிவிடுறாங்க. அபுதாபி ஃபார்முலா ரோசா கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீட்டர், சவுதி கித்தியாவுல இருக்குற ஃபால்கன்ஸ் ஃப்ளைட் 250, அதோட தண்டவாளம் மட்டுமே 4 கிலோமீட்டருக்கு மேல.

அப்ப எல்லை எங்கதான் இருக்குன்னா, நம்ம ஒடம்புலதான். வேகம் ஒடம்புக்குத் தெரியாது, 900 கிலோமீட்டர் வேகத்துல போற விமானத்துல உக்காந்து காப்பி குடிக்கிறோம். முடுக்கம், அதாவது வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கறது, தெரியும், 4 ஜி, 5 ஜின்னு (நம்ம எடை நாலு மடங்கு, அஞ்சு மடங்கு ஆன மாதிரி) போறப்ப ரத்தம் தலைக்கு ஏறாம கண்ணு இருட்டும். கோஸ்டர் 250-ல ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுறப்ப ஆளுங்க மேல 4 ஜிக்கு மிஞ்சக்கூடாதுன்னா அந்த வளைவோட ஆரம் 160 மீட்டருக்கு மேல இருக்கணும், வேகம் பாதியா இருந்தா 41 மீட்டரே போதும். வேகம் ஏற ஏற நெலம் எவ்வளவு முழுங்கும்னு இதுலேயே தெரிஞ்சிடும்.

ஆனா முடுக்கத்த மட்டும் சொன்னா பாதிக் கதைதான். அதே 4 ஜி மெதுவா வந்து ஏறுனா ஒடம்பு தாங்கும், கண்ணிமைக்கிற நேரத்துல வந்து விழுந்தா கழுத்து போயிடும். முடுக்கம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கறதுதான் ஜெர்க். 1895-ல கோனி ஐலண்டுல ஃப்ளிப் ஃப்ளாப்னு ஒரு கோஸ்டர் வச்சாங்க, சரியான வட்டமா ஒரு லூப். நேரா போற தண்டவாளம் திடீர்னு வட்டமா மாறுற அந்த எடத்துல விசை ஒரே எட்டுல எகிறும், ஏறுனவங்க கழுத்து வலின்னு சொன்னாங்க. 1976-ல கலிஃபோர்னியாவுல ரெவல்யூஷன்னு ஒண்ணு வந்தப்ப அத வடிவமைச்ச பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல் வட்டத்த விட்டுட்டு கண்ணீர்த்துளி மாதிரி வளைவு போட்டாரு, கொஞ்சம் கொஞ்சமா இறுகி, கொஞ்சம் கொஞ்சமா தளர்ற வளைவு. நெடுஞ்சாலை வளைவுலயும் ரயில் பாதையிலயும் இதே கணக்குதான். இந்த ஒரு விஷயத்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்னா சொல்லு இல்லாம முடியாது.

இப்ப சொல்லுக்கு வரேன்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பஸ் ஏறுனேன், உக்கார எடமில்ல. ஒரு கையில கம்பி, இன்னொரு கை விரல்ல பிளாஸ்டிக் பையில கட்டி வாங்குன தே தாரிக் தொங்குது. டிரைவர் பிரேக் போட்டாரு, பை முன்னாடி சாஞ்சு அப்படியே நின்னுச்சு. அது முடுக்கம், சீரா இருக்கு, எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல. பஸ் முழுசா நின்ன அந்த நொடி இருக்கு பாருங்க, பை ‘டப்’புனு பின்னாடி அடிச்சு என் சட்டையெல்லாம் தேத்தண்ணி. பக்கத்துல கம்பியப் பிடிச்சுக்கிட்டிருந்த பாட்டி தோளத் தேச்சுக்கிட்டே சொன்னாங்க, “வெடுக்குனு இழுத்துருச்சுப்பா.”

வெடுக். கையில இருக்குறத வெடுக்குனு பிடுங்குனான்னு சின்னப் பிள்ளையும் சொல்லும். அதுலேருந்து வெடுக்கம். முடுக்கு, முடுக்கம், வெடுக்கு, வெடுக்கம். திசைவேகம் மாறுனா முடுக்கம், முடுக்கம் மாறுனா வெடுக்கம்னு பிள்ளைங்க வாயில தானா ஒட்டிக்கும்.

ஐயா, ‘திடுக்’ மனசோட சொல்லு. பேய்க்கதை கேட்டாலும் திடுக்குங்குது, அங்க ஒடம்பு அசையவே வேணாம். அக்கா, உலுக்குறதுன்னா அங்கிட்டும் இங்கிட்டும் பல தடவ ஆட்டுறது, ஜெர்க் ஒரே தடவையா ஒரே பக்கமாவும் வரும். உலுக்கத்த அதிர்வு பத்தி எழுதுறப்ப எடுத்துக்கலாம், அதுக்கு ரொம்பப் பொருத்தம்.

‘வெடுக்குனு பேசுறா’ன்னு சொல்ற வழக்கு இருக்கேன்னு யாராச்சும் கேப்பீங்க. அங்கயும் கருத்து ஒண்ணுதான், இதமா வந்துக்கிட்டிருந்த பேச்சு சட்டுனு மாறுது. ஒலிக்குறிப்புலேருந்து கலைச்சொல்லு வரலாமான்னா, படபடன்னு அடிக்கிறதுலேருந்து வந்த ‘படபடப்பு’ இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்ற சொல்லாவே ஆயிடுச்சே.

எனக்கு இதுல இவ்வளவு அக்கறை ஏன்னா, நம்ம பிள்ளைங்க ஆறாம் ஆண்டோட தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் முடுக்கம்ங்கற சொல்லே மறந்து ‘பெச்சுத்தான்’னு மலாய்ல மட்டும்தான் தெரியுது. மலாய்ல படிக்கிறது நல்லதுதான், நானும் அப்படித்தான் படிச்சேன். ஆனா மலாய்க்காரங்க ஜெர்க்க ‘செந்தாக்’னு சொன்னா அவங்களுக்குக் கையில இழுபட்ட மாதிரியே தெரியும், நம்ம பிள்ளைக்கும் அப்படித் தெரியுற சொல்லு ஒண்ணு வேணும். பாட்டி வாயிலேருந்து வந்த சொல்லு அப்படிப்பட்டதுன்னு நம்புறேன்.

மத்த சொல்லெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. ஏர்டைமுக்கு, அதாவது ஒடம்பு சீட்ட விட்டு எழும்புற நேரத்துக்கு, அக்கா சொன்ன ‘மிதப்பு’ அப்படியே எடுத்துக்கிட்டேன். ஹைப்பர், கிகா, ஸ்ட்ராட்டாங்கறதெல்லாம் 200, 300, 400 அடி உயரத்தத் தாண்டுற கோஸ்டருங்களுக்கு வியாபாரத்துக்காக வச்ச பேரு, நமக்கு மீட்டர்ல எழுதுனா போதும்.

கட்டுரையில இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கேன், தப்பிருந்தா திருத்துங்க:

“கிங்டா கா 3.5 வினாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஜப்பானின் டோ-டோடோன்பா 1.56 வினாடியிலேயே 180-ஐ எட்டியது. வேகம் குறைவு, ஆனால் முடுக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த முடுக்கம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதே வெடுக்கம். அதன் அலகு மீட்டர் / வினாடி³.”

ஐயா, அலகு எழுதுன மொறை சரியான்னு மட்டும் நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க, திங்கக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து