அம்மச்சி பாதியில் விட்ட ரேந்தையை (லேஸ் பின்னல்) முடித்துத் தர ஆள் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளைப் பக்கம். போன மாசம் எங்கள் அம்மச்சி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். வயது 87.

விடிகாலை ஜெபம், ஒரு சங்கீதம், அப்புறம் கட்டன் சாயா, பிறகு திண்ணையில் ரேந்தை பின்னும் திண்டோடு உட்காருவார்கள். ஆறு பிள்ளைகளையும் அந்த நூலை வைத்துத்தான் வளர்த்தார்கள். 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த கைவேலை இது. அம்மச்சி தன் அம்மாவிடம் கற்றது. என்னையும் எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள், நான் உட்காரவில்லை. இப்போது மனசு கிடந்து அடிக்கிறது.

கடைசியாகச் சபையின் திருவிருந்து மேசை விரிப்புக்கு ஓரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். முக்கால் முழம் முடிந்திருக்கிறது. துளையிட்ட அட்டை, அதில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய இருபது ஜோடிக் குச்சிகள் எல்லாம் திண்டில் அப்படியே இருக்கின்றன. பிடித்துப் பிடித்துக் குச்சிகள் வழவழவென்று மின்னுகின்றன.

மார்த்தாண்டம், முளகுமூடு, பாறசாலை பக்கம் இந்தக் குச்சி ரேந்தை தெரிந்த அக்காமார், அம்மச்சிமார் யாராவது உண்டா? அதே நூலில் தொடர்ந்து பின்ன வேண்டும். கூலி எவ்வளவானாலும் தருகிறோம். பக்கத்தில் இருந்து நானும் கற்றுக்கொள்கிறேன். குச்சிகள் வரிசை மாறாமல் திண்டை வண்டியில் கொண்டுவருவது எப்படி? நாலைந்து ஊசிகளைச் சுற்றி நூலில் துரு இறங்கியிருக்கிறது, அதை எடுக்க வழி உண்டா?

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் விரிப்பைச் சபையில் கொடுக்க ஆசை. தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே சொல்லுங்கள்.