ஐந்து கிலோமீட்டர் வட்டம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

23.01.2021, சனிக்கிழமை

அக்கா, காலை 7.42
இப்போதுதான் நடந்துவிட்டு வந்தேன். கடந்த ஜூன் மாதம் வரைபடத்தில் வீட்டை நடுப்புள்ளியாக வைத்து, 5 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டேன் என்று இந்தக் குழுவில் எழுதியிருந்தேன் அல்லவா? அதற்குள் நடந்து முடித்த தெருக்களை எல்லாம் சிவப்புப் பென்சிலால் தீட்டிக்கொண்டு வருகிறேன். ஏழு மாதங்கள் ஆகியும் பாதி வட்டம்கூட இன்னும் சிவக்கவில்லை.

பெரியப்பா, காலை 7.55
எப்படிச் சிவக்கும் அம்மா? ஆரம் 5 கிலோமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரத்தில் 2020 ஆகஸ்டில் கொரோனா ஊரடங்கின்போது மக்களுக்கு விதித்த எல்லையும் இதே 5 கிலோமீட்டர்தான். அக்டோபரில் அதை 25 ஆக்கினார்கள். ஆரம் ஐந்து மடங்கானால் பரப்பு இருபத்தைந்து மடங்காகிவிடும் என்பதால், அன்று அவர்களுக்கு உலகமே திறந்ததுபோல இருந்திருக்கும். பிரான்சில் முதல் ஊரடங்கின்போது ஒரு கிலோமீட்டர், அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும். அந்த மூன்று சதுர கிலோமீட்டரை நினைத்தால் நீ பெரிய நிலக்கிழார்தான்.

சித்தி, காலை 8.10
நீங்கள் இருவரும் கணக்குப் போட்டு மகிழ்ந்துகொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை இது மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கான பேச்சு. சென்ற மார்ச்சில் கட்டி வைத்த பெட்டியை நான் இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர எட்டு மாதங்கள் இழுத்தடித்தது. பக்கத்துத் தெருவில் நடப்பதைப் பயணம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அண்ணன், காலை 8.21
சித்தியின் ஏக்கம் சித்திக்கு மட்டும் உரியதன்று. 2020 அக்டோபர் 10 ஆம் நாள் சிட்னியிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் விமானம் ஒன்று, நாட்டின் மேலே ஏழு மணி நேரம் போலச் சுற்றிவிட்டு மீண்டும் சிட்னியிலேயே வந்து இறங்கியது. எங்கும் போகாத அந்த விமானத்தின் பயணச்சீட்டுகள் பத்தே நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. சன்னலோர இருக்கைக்காக மனிதர்கள் எவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அக்கா, காலை 8.34
சித்தி, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கடலையோ மலையையோ இந்த வட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள். வீட்டிலிருந்து இரண்டே கிலோமீட்டர் தொலைவில் நான் வழி தவறிவிட்டேன். பதினான்கு ஆண்டுகளாக அந்தப் பெரிய சாலையில் காரில் போய்வந்தவள், அதன் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒன்றில்கூட இறங்கியதில்லை. ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றேன். வந்த வழியே திரும்பலாம் என்று பார்த்தால், சுவருக்கு அப்பால் ஒரு குளம் தெரிந்தது.

அந்தக் குளத்தைத் தேடித்தான் இன்று மீண்டும் போனேன். காய்ந்த கிளை ஒன்றில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கல் விழுந்ததுபோல நீரில் பாய்ந்தது. அலகில் மீனோடு அதே கிளைக்குத் திரும்பி, மீனைக் கிளையில் இடமும் வலமுமாக நாலைந்து முறை அடித்து, பிறகு தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது. செதிலும் முள்ளும் தொண்டையில் குத்தாமல் இருக்கத்தான் அப்படித் திருப்பிக்கொள்கிறது. எந்தச் சுற்றுலாவிலும் நான் ஒரு பறவையின் முன்னால் நாற்பது நிமிடங்கள் நின்றதில்லை. அடுத்து பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அங்கே எப்போதும் கையில் இருக்கும்.

பெரியப்பா, காலை 8.50
அந்த நேரத்துக்குக் காதையும் தீட்டி வை. சான் பிரான்சிஸ்கோவில் 2020 ஊரடங்கில் வண்டிகளின் இரைச்சல் அடங்கியபோது, அங்கே உள்ள ஒருவகைச் சிட்டுகள் முன்பைவிட மெல்லப் பாடியதாகவும், அப்படியும் அவற்றின் பாட்டு இரு மடங்கு தொலைவுக்குக் கேட்டதாகவும் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். நாம் கத்துவதை நிறுத்தினோம், அவையும் நிறுத்திக்கொண்டன.

நான், காலை 9.02
எனக்கு நடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 21 மாலையில் வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளிக்கு நெருங்கியதை மொட்டை மாடியிலிருந்தே பார்த்தேன். 1623க்குப் பிறகு அவை அவ்வளவு நெருங்கியதில்லையாம். வேறு ஆண்டாக இருந்தால் அந்த வாரம் ஏதாவது ஒரு விடுதி அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அண்ணன், காலை 9.15
குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அவர்களுக்குப் போய்ச் சேரும் இடம் பெரிதில்லை, வழியைத் தீர்மானிக்கும் உரிமைதான் பெரிது. என் மகளிடம் ஒரு நாணயத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு முனையிலும் அவள் சுண்டுவாள், தலை விழுந்தால் இடப்பக்கம், பூ விழுந்தால் வலப்பக்கம். சென்ற வாரம் ஒரே பூங்காவை மூன்று முறை சுற்றினோம். எனக்குக் கால் வலித்தது, அவள் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனாள்.

அக்கா, காலை 9.28
நல்ல விளையாட்டு. நாணயத்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். மூடிய அறையைவிடத் திறந்தவெளியில் தொற்று பரவும் வாய்ப்பு குறைவு என்றாலும், கூட்டம் தெரிந்தால் நான் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறேன். கூட்டத்தைத் தவிர்க்கப் போய்த்தான் என் சிவப்புக் கோடுகளில் பாதி உண்டாயின.

இன்னொன்று, சித்தி. நமக்கு யாரும் இந்த 5 கிலோமீட்டரை விதிக்கவில்லை. தொலைவில் உள்ள சிறிய ஊர்களில் மருத்துவமனைப் படுக்கைகளே சில இருக்கும்போது, நாம் அங்கே காற்று வாங்கப் போய் நோயையும் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்றுதான் நானே கோடு போட்டுக்கொண்டேன். கோடு போட்ட பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை தானாக வந்தது.

சித்தி, காலை 9.51
பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் அன்று, வரைபடம் தேடிக்கொண்டிருந்தேன். பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் ஒன்று கிடைத்தது. கவராயம் இல்லாததால் டப்பா மூடியை வைத்து வட்டம் போட்டேன். சிறிது பெரிதாகிவிட்டது, கணக்குப் பார்த்தால் 6 கிலோமீட்டர் வருகிறது. பெரியப்பா மன்னிக்க வேண்டும்.

பெரியப்பா, காலை 9.53
மன்னித்தோம். பரப்பு 113 சதுர கிலோமீட்டர்.

அக்கா, காலை 9.55
முதலில் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள், சித்தி?

சித்தி, காலை 10.04
வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. நாளை காலை மெதுவாக நடந்து போய், வேலிக்கு வெளியே நின்று, இரண்டு ரயில்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏறமாட்டேன்.