ஊனோல பின் பத்தல, 8 வால்வு ஓட்டணும், என்ன வழி?

கீரைப்பாத்தி:
வணக்கம் நண்பர்களே. மாடித்தோட்டத்துக்கு சொட்டுநீர் போட்டிருக்கேன், 8 லைன், ஒவ்வொண்ணுக்கும் கரண்ட் குடுத்தா திறக்கிற ஒரு 12 வோல்ட் சோலினாய்டு வால்வு, எல்லாம் 8 சேனல் ரிலே போர்டு (சின்ன சிக்னல்ல ஆன் ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) வழியா. கையில இருக்கிறது ஆர்டுயினோ ஊனோ, புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன கண்ட்ரோலர் போர்டு. ரிலேக்கு 8 பின், 16 பை 2 எல்சிடிக்கு 6, பட்டன் 4, மண் ஈரம் பாக்குற சென்சார் 4, அப்புறம் டைம் பாக்க டிஎஸ்3231க்கு ஏ4 ஏ5, கூட்டினா 24 வருது, ஆனா 0, 1 ரெண்டையும் சீரியலுக்கு விட்டுட்டா மிச்சம் 18 தான். நிறைய பின் இருக்கிற மெகா போர்டு வாங்குன்னு ஒருத்தர் சொன்னார், எனக்கு இந்த போர்டுலயே முடிக்கணும்னு ஆசை. வெயில் ஏறுது, தக்காளிச் செடி தலை தொங்க ஆரம்பிச்சிருச்சு, சீக்கிரம் சொல்லுங்க.

சால்டர்மணி:
மொதல்ல எல்சிடி பின்னாடி ஒரு ஐ2சி (ரெண்டே வயர்ல பல சிப்போட பேசுற முறை) பேக்பேக் போர்டு சால்டர் பண்ணுங்க, அதுல இருக்கிறது பிசிஎஃப்8574 சிப். 6 பின்னும் மிச்சம், டிஎஸ்3231 போற அதே ஏ4 ஏ5ல இதுவும் உக்காந்துக்கும், அட்ரஸ் வேற வேறங்கிறதால சண்டை வராது. இப்ப 2லேர்ந்து 13 வரைக்கும் 12 பின் இருக்கு, ரிலே 8 பட்டன் 4, சென்சார் நாலும் ஏ0லேர்ந்து ஏ3 வரைக்கும், சரியா போச்சு. 13ல ரிலே மட்டும் வேணாம், ரீசெட் ஆகுறப்ப பூட்லோடர் (போர்டு எழுந்ததும் மொதல்ல ஓடுற புரோகிராம்) அந்த பின்னை மினுக்கும், வால்வு டக் டக்னு அடிக்கும்.

பழையரேடியோ:
கணக்கு சரி, ஆனா நாளைக்கு ஒரு லைன் கூட்டணும்னா? ரிலேயை 74ஹெச்சி595ங்கிற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப்ல போடுங்க, 3 பின்ல 8 அவுட்புட். ஒரே விஷயம், பவர் வந்த உடனே அதோட அவுட்புட் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது, எட்டு வால்வும் ஒரு நொடி திறந்துக்கலாம். ஓஈ பின்னை (அவுட்புட்டை ஆன் ஆஃப் பண்றது) 10கே ரெசிஸ்டர் வெச்சு 5 வோல்ட்டுக்கு இழுத்துட்டு, சரியான வேல்யூ எழுதினதுக்கு அப்புறம் ஆர்டுயினோ மூலமா கீழ இறக்குங்க.

கரண்ட்பித்து:
நான் எம்சிபி23017ங்கிற பின் கூட்டுற சிப் தான் சொல்லுவேன். 16 பின், ஐ2சி, பவர் வந்தா எல்லாம் இன்புட்டா தான் எழுந்திருக்கும், அதனால ரிலே சும்மா இருக்கும். உங்க ரிலே போர்டு லோ குடுத்தா ஆன் ஆகுற வகைன்னா மொதல்ல ஹை எழுதிட்டு அப்புறமா அவுட்புட்டா மாத்துங்க, திருப்பிப் போட்டா எட்டும் ஒண்ணா அடிக்கும். இன்னொண்ணு, 18வது கால் ரீசெட், அதை 5 வோல்ட்ல கட்டியே ஆகணும். நான் அதை அந்தரத்துல விட்டு ரெண்டு நாள் தூங்கல, விரல் கிட்ட கொண்டுபோனா வேலை செய்யும், எடுத்தா நின்னுடும், கோடுல தப்புன்னே நெனச்சு தேடிட்டு இருந்தேன்.

கீரைப்பாத்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேக்பேக்கும் 23017ம் ரெண்டுமே போட்டுட்டேன், 23017ல அட்ரஸ் வைக்கிற ஏ0 ஏ1 ஏ2 கால் மூணையும் கிரவுண்டு பண்ணினேன். எந்தெந்த அட்ரஸ்ல சிப் இருக்குன்னு பாக்குற ஐ2சி ஸ்கேனர் புரோகிராம் ஓட்டினா ஹெக்ஸ்ல 20, 27, 68 வருது, கூடவே 57ன்னு ஒண்ணு காட்டுது, அது எங்கேருந்து?

கரண்ட்பித்து:
அது டிஎஸ்3231 போர்டுலயே இருக்கிற ஈஈப்ராம் மெமரி. தண்ணி விட்ட நேரத்தை அதுல எழுதி வெச்சுக்கோங்க, கரண்ட் போனாலும் அழியாது.