கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸில் 150 ஏ.எச் பேட்டரி போடலாமா?

கேள்வி (வேதாரண்யம்):
2018 கஜா புயலில் கரண்ட் இல்லாத நாட்களில் அம்மாவின் இன்சுலினை ஈர மணல் மேல் வைத்த மண்பானையில்தான் காப்பாற்றினோம். இந்த ஐப்பசிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். பழைய 600 வி.ஏ (தாங்கும் சுமையின் அளவு) கம்ப்யூட்டர் யூ.பி.எஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் 150 ஏ.எச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவு) பேட்டரி மாட்டினால் இரண்டு ஃபேனும் சின்ன ஃப்ரிட்ஜும் ஓடுமா?

பதில்:
வேண்டாம் அண்ணா. அந்த யூ.பி.எஸ் சில நிமிடங்களுக்காகச் செய்தது. மணிக்கணக்கில் ஓட்டினால் சூடேறிப் புகையும். சார்ஜர் தருவது ஏறக்குறைய 1 ஆம்பியர், பேட்டரி நிறைய ஒரு வாரம் ஆகும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். வீட்டு கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன்வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்கள்.

பதில்:
12 வோல்ட், 150 ஏ.எச் என்றால் 1800 வாட்மணி. லெட் ஆசிட் பேட்டரியில் பாதி சார்ஜை மட்டும், அதாவது 900, செலவழித்து நிறுத்தினால் ஆயுள் நீளும். 30 வாட் பி.எல்.டி.சி (குறைந்த கரண்டில் ஓடும்) ஃபேன் இரண்டு, பத்து மணி நேரத்துக்கு 600. மிச்சம் ஃப்ரிட்ஜுக்கு.

அப்புறம், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் அவ்வளவு கரண்ட் பாயும்: ஒருமுறை என் ஸ்பேனர் பேட்டரியின் இரண்டு முனையிலும் பட்டு, நுனி மெழுகாய் உருகியது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

கேட்டவர்:
சரி, திண்ணையோரம் வைக்கிறேன். மழைச்சாரல் படாமல் தகரம் அடித்தால் போதுமா?

பதில்:
பக்கவாட்டில் காற்று போக இடம் விடுங்கள், போதும்.