மார்ச் 31 பில்கள் மட்டும் வரவில்லை (பைத்தான், எஸ்கியூலைட்)

பால்கடை:
எங்கள் பால் கடைக்குப் பைத்தானில் சின்னதாக ஒரு பில்லிங் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், டேட்டாபேஸ் எஸ்கியூலைட். வருடக் கணக்கு முடிக்க மார்ச் பில்களை மட்டும் எடுக்கலாம் என்று பிட்வீனில் (இரண்டு மதிப்புக்கு இடையில் இருப்பதை எடுக்கும் நிபந்தனை) '2025-03-01', '2025-03-31' இரண்டையும் கொடுத்தேன். 30ஆம் தேதி வரை வருகிறது, 31ஆம் தேதி பில் ஒன்றுகூட இல்லை. ஆனால் டேபிளில் இருக்கிறது, அன்று கடை மூடும் முன் போட்ட பில் '2025-03-31 16:12:40'. பிட்வீன் இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும் என்றுதானே படித்தேன்? அப்பா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு திட்டுகிறார்.

செமிகோலன்:
சேர்க்கத்தான் செய்கிறது. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி டைப் கிடையாது, உங்களிடம் இருப்பது வெறும் டெக்ஸ்ட், அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பிடும். '2025-03-31' என்பதைவிட அதன் பின்னால் நேரமும் ஒட்டியது பெரியது, அதனால் வெளியே போய்விட்டது. 23:59:59 சேர்த்துக்கொள் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், மைக்ரோசெகண்டோடு சேமிக்க ஆரம்பித்தால் அதுவும் ஒழுகும். >= '2025-03-01', < '2025-04-01' என்று இரண்டு நிபந்தனையாக எழுதுங்கள், மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்ற கவலையே இல்லை.

கிணற்றடி:
அப்படியே தேதிகளை எஃப் ஸ்ட்ரிங்கில் (மதிப்பை உள்ளேயே ஒட்டி எழுதும் பைத்தான் வரி) ஒட்டாமல், அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, குவெரியை ஓட்டும் எக்ஸிக்யூட்டுக்கு டப்பிளாக (மதிப்புகளின் தொகுப்பாக) கொடுங்கள்.

பால்கடை:
31 வந்துவிட்டது, நன்றி! ஆனால் நோட்டோடு இன்னும் 640 ரூபாய் இடிக்கிறது.

ராத்திரிப்பணி:
கடையை சாயங்காலம் 4:12க்கா மூடுகிறீர்கள்?

பால்கடை:
இல்லையே, ராத்திரி ஒன்பதே முக்கால். காலையில் நாலரைக்குத் திறப்போம்... அடடா.

ராத்திரிப்பணி:
அதேதான். நேரம் பதிய எஸ்கியூலைட்டின் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் வைத்திருப்பீர்கள், அது யூடிசியில் (உலகப் பொது நேரம்) பதியும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். உங்கள் 9:42 பில்தான் 16:12 ஆகியிருக்கிறது. அது பரவாயில்லை, தேதி மாறவில்லை. காலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை போட்ட பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறும், ஏப்ரல் 1 விடியற்காலைப் பால் மார்ச்சுக்குள் வந்திருக்கிறது, மார்ச் 1 விடியற்காலை பிப்ரவரிக்குப் போயிருக்கிறது. பதிந்ததைத் தொடாதீர்கள், வரம்பை மாற்றுங்கள்: >= '2025-02-28 18:30:00', < '2025-03-31 18:30:00'. கையால் கழிக்காமல், நேர மண்டலங்களுக்கான ஜோன்இன்ஃபோ மாட்யூலில் ஆசியா/கொல்கத்தா போட்டு யூடிசிக்கு மாற்றலாம், பைத்தான் 3.9 முதல் கூடவே வருகிறது. மாற்றியதை ஐசோஃபார்மட்டில் (நேரத்தை டெக்ஸ்டாக்கும் பைத்தான் வழி) சும்மா கொடுத்துவிடாதீர்கள், தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் 'டி' எழுத்து வந்து உட்காரும், உங்கள் டேபிளில் அங்கே இடைவெளி, மறுபடி எழுத்து ஒப்பீட்டில் மாட்டுவீர்கள். வடிவத்தை நாமே சொல்லும் எஸ்டிஆர்எஃப்டைமில் டேபிளில் இருக்கும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

பால்கடை:
கடையில் விண்டோஸ், ஜோன்இன்ஃபோ முதலில் அந்தப் பெயரே இல்லை என்றது, நேர மண்டலத் தகவல் இருக்கும் டிஇசட்டேட்டா பேக்கேஜைப் பிப்பில் (பைத்தான் பேக்கேஜ் நிறுவும் கருவி) போட்டதும் ஓடியது. இப்போது இடிப்பது 28 ரூபாய்தான். நோட்டில் ஒரு அரை லிட்டர் பாக்கெட் இரண்டு தடவை எழுதியிருக்கிறது, அதை அப்பாவிடம் சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்கிறேன்.