ஈயக்குட்டை ஓரத்தில் பார்த்தது ஆர்க்கிட்டா?

செல்வி, பத்து காஜா (பேராக், மலேசியா):
வெள்ளீயம் தோண்டிய பழைய ஈயக்குட்டைச் சேற்றில், கோரைக்கு நடுவே கொடி மாதிரி ஏறி நிற்கிறது. இலை தட்டையாக இல்லை, பென்சில் போல உருண்டை. பூ வெளிர் ஊதா. அகன்ற உதட்டிதழில் கரும் ஊதாப் புள்ளிகள். நான் பார்த்த ஆர்க்கிட் எல்லாம் மரத்தில்தான் இருந்தன. இதுவும் ஆர்க்கிட்தானா? பிடுங்கி வந்து தொட்டியில் வைக்கலாமா?

மூர்த்தி:
நீங்கள் சொல்வது பாப்பிலியோனாந்தே ஹூக்கரியானா என்ற ஆர்க்கிட் போலிருக்கிறது. பேராக்கின் கிந்தா வட்டாரச் சதுப்புகளில் வளர்வதால் 'கிந்தா வீட்' (கிந்தா களை) என்பார்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இதற்கும் பாப்பிலியோனாந்தே டெரெஸுக்கும் பிறந்த கலப்பினம். தாவரவியலாளர் ரிட்லி 1893இல் அந்தக் கலப்பினத்தை விவரித்தார். 1981இல் தேசிய மலரானது. உதட்டிதழ் மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறதா? கிட்டப் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ராணி அக்கா:
பிடுங்காதேம்மா. சதுப்பை வடித்து வீடு கட்டிக்கொண்டே போகிறார்கள், மிச்சம் இருப்பதே கொஞ்சம். ஆசையாக இருந்தால் நர்சரியில் மிஸ் ஜோக்கிம் வாங்கு. முழு வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் வெறும் தண்டுதான் நீளும். கம்பு நட்டுக் கட்டு. நுனி கம்பைத் தாண்டி வளர்ந்தால்தான் நன்றாகப் பூக்கும்.

செல்வி:
ஆமாம் அண்ணே, மூன்று மடல்தான். படம் நாளைக்குப் போடுகிறேன். சரி அக்கா, தொடவில்லை.